நாற்பது கிலோமீட்டர் ஐரோப்பா

வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு ஐரோப்பாவின் பழநகரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவந்து எழுதும் பயணக் கட்டுரைகள் தமிழில் இப்போது நிறையவே கிடைக்கின்றன. கோட்டை, தேவாலயம், கல் பாவிய தெரு, ஆற்றுப்பாலம், மறுநாள் அடுத்த நாடு. அவற்றைப் படிக்குந்தோறும் எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றும். திருக்கடையூர்ச் சன்னதித் தெருவில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்குள் டென்மார்க், பிரான்சு, போர்ச்சுகல், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பழைய ஊர்களைப் பார்த்துவிடலாம். கடைசியில் எல்லாவற்றையும் தன்வயப்படுத்திக்கொண்ட இங்கிலாந்தையும் சேர்த்தால் ஐந்து நாடுகள். கடவுச்சீட்டு வேண்டியதில்லை. நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி மாநிலம், வாஞ்சூரைத் தாண்டினால் மீண்டும் தமிழ்நாடு, அவ்வளவே.

அவ்வழியில் நாங்கள் சென்றது இது முதன்முறையன்று. ஆயினும் இம்முறை ஒரு கேள்வியோடு சென்றோம். இந்த ஊர்களைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகள் பொதுவாக ஒரே பாணியில் தொடங்கும்: ஐரோப்பியர் கடல் கடந்து வந்தனர், கோட்டை கட்டினர், வணிகம் செய்தனர், போயினர். இந்த வாக்கியங்களில் எழுவாய் எப்போதும் ஐரோப்பியராகவே இருக்கிறது. தஞ்சை நாடு அங்கே வெறும் இடமாக, கோட்டை நிற்கும் மணலாக மட்டுமே வருகிறது. இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு எழுவாய் மாறினால் பொருள் மாறும் என்பது தெரியும். தஞ்சையை எழுவாயாக வைத்து இவ்வூர்களைப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதே எங்கள் கேள்வி.

அயல்நாட்டார்க்குக் கடற்கரையில் இடம் கொடுப்பது சோழநாட்டுக்குப் புதிதன்று. திருக்கடையூருக்குச் சற்று வடக்கே பூம்புகார். அங்கே மருவூர்ப்பாக்கத்தில் யவனர்க்கு இருக்கை இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அரசன் நிலத்தில், அரசன் சுங்கத்துக்கு உட்பட்டு, வணிகன் வாழ்ந்த ஏற்பாடு அது. பதினேழாம் நூற்றாண்டில் டென்மார்க்குக்காரர்கள் வந்தபோதும் தொடக்கத்தில் நிகழ்ந்தது ஏறக்குறைய அதுவே.

திருக்கடையூரிலிருந்து தில்லையாடி பிரியும் சாலையைக் கடந்து, அனந்தமங்கலம் வழியாகத் தரங்கம்பாடிக்குச் சுமார் எட்டுக் கிலோமீட்டர். 1926 முதல் 1986 வரை மயிலாடுதுறையிலிருந்து இவ்வழியே தரங்கம்பாடிக்கு இரயிலும் ஓடியது. இப்போது திருக்கடையூருக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் அறுபதாம் கல்யாணத்துக்கு வருவது. காலனைக் காலால் உதைத்த தலத்தில் மணிவிழாவை முடித்த தம்பதியர், பேரப்பிள்ளைகளின் வற்புறுத்தலால் பிற்பகலில் தரங்கம்பாடிக்குக் காற்று வாங்கப் போவதும், கோட்டை முன் படம் எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. நாங்கள் போன அன்றும் மாலையும் கழுத்துமாக ஒரு தம்பதி கோட்டை மதிலில் அமர்ந்திருந்தனர்.

கோட்டையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியான் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு உரிமை அளித்தார். 1618இல் ஓவ கியெத்த என்னும் இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவர்கள் குறிவைத்தது தரங்கம்பாடியை அன்று, இலங்கையை. அங்கே எண்ணியது ஈடேறவில்லை. இதற்கிடையில் ரோலண்ட் கிராப்பே என்னும் டச்சுக்காரர் டேனியர்களின் பணியில் முன்னதாகவே ஒரு கப்பலில் வந்திருந்தார். காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர் அக்கப்பலைத் தாக்கி அழித்தனர். உயிர் தப்பிய சிலருடன் கிராப்பே கரையேறித் தஞ்சை அரண்மனையை அடைந்தார்.

அரியணையில் இருந்தவர் ரகுநாத நாயக்கர். தெலுங்கில் காவியம் எழுதியவர், வீணையில் வல்லவர் என்றுதான் நாம் அவரைப் பெரிதும் நினைவுகூர்கிறோம். அரசியலிலும் அவர் கணக்குத் தெரிந்தவரே. நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் ஊன்றியிருந்தனர். 1619இல் யாழ்ப்பாணத்தையும் அவர்கள் கைப்பற்றினர். அதை மீட்க ரகுநாதர் அனுப்பிய படை வெற்றி பெறவில்லை. இந்நிலையில் போர்ச்சுக்கீசியரின் பகைவன் ஒருவன் நனைந்த உடையோடு வாசலில் வந்து நின்றால் எந்த அரசன்தான் விடுவான்! 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. ஆண்டுதோறும் குத்தகை செலுத்தி, மீனவர் குப்பம் இருந்த ஒரு துண்டுக் கடற்கரையில் டேனியர் கோட்டை கட்டிக்கொள்ளலாம். ரகுநாதர் டென்மார்க்கு மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதுவித்த கடிதம் கோபன்ஹேகனில் ஆவணமாகப் போற்றப்படுகிறது. எழுதச் செய்தவர் தெலுங்கர், கடிதத்தின் மொழி தமிழ், பெறுபவர் டேனியர். தஞ்சைக்கு அன்றிருந்த உலகப் பார்வைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, டான்ஸ்போர்க் கோட்டை டேனியரின் வீரத்துக்குச் சின்னம் என்பதைவிடத் தஞ்சை நாயக்கரின் அரசதந்திரத்துக்குச் சின்னம் என்பதே பொருந்தும். குத்தகைக்காரரின் வீட்டை வந்து பார்த்துவிட்டு நிலச்சொந்தக்காரரை மறந்துபோகிறோம்.

குத்தகைக்காரரின் நிலையும் பெருமைக்குரியதாக இருக்கவில்லை. 1639க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்குப் புறப்படவில்லை. தாயகத்தில் போர், பண நெருக்கடி. யாருக்கும் இவர்கள் நினைவே இல்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தனர். 1655 முதல் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்னும் ஒரே ஒரு டேனியர் கோட்டையைக் காத்துவந்தார். உள்ளூர்ப் படைவீரர்களைச் சேர்த்துக்கொண்டு, கடலில் பிறர் கப்பல்களைக் கொள்ளையடித்து, ஊரைச் சுற்றி மதில் எழுப்பி அவர் காலந்தள்ளினார். 1669இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோது கோட்டையில் இன்னும் கொடி பறந்தது. அவரே ஆளுநராக உறுதிசெய்யப்பட்டார். இதைத் தனிமனித வீரமாகச் சொல்வது ஐரோப்பிய நூல்களின் வழக்கம். ஆனால் பதினான்கு ஆண்டுகள் ஒரு மனிதர் தனியாகக் கோட்டையைக் காக்க இயலுமா? அவருக்குச் சோறு சமைத்தவர், மதிலுக்குச் செங்கல் சுமந்தவர், இரவில் காவல் நின்றவர் எல்லாரும் நம்மூர்க்காரர்களே. ஒரே டேனியர் என்பது உண்மை; ஒரே மனிதர் என்பது உண்மையன்று.

கோட்டைக்கு வடக்கே, கடலலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது; எஞ்சியதைத் திருப்பணி செய்து காத்திருக்கிறார்கள். கோட்டையைவிட மூன்று நூற்றாண்டு மூத்த இக்கோயிலின் பக்கம் அன்று எங்களைத் தவிர ஒருவரும் வரவில்லை.

ஊருக்குள் நுழையும் வாயில் 1792இல் கட்டப்பட்டது. அதைக் கடந்தால் ராஜ வீதி. 1701இல் எழுந்த சீயோன் தேவாலயமும், 1718இல் திருநிலைப்படுத்தப்பட்ட புதிய எருசலேம் தேவாலயமும் அவ்வீதியிலேயே எதிரெதிராக அமைந்துள்ளன. இரண்டாவதில் சீகன்பால்கு அடங்கியிருக்கிறார்.

தமிழ் படித்தவர்கள் இங்கே சிறிது நின்றுதான் போக வேண்டும். 1706 ஜூலை 9ஆம் நாள் புளூட்சோவுடன் சீகன்பால்கு இங்கே இறங்கினார். டென்மார்க்கு மன்னர் அனுப்பிய சமயப் பணியாளர்கள் இவர்கள். ஆனால் இருவருமே ஜெர்மானியர். உள்ளூர் டேனிய அதிகாரிகளுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. 1708–09இல் நான்கு மாதங்கள் சீகன்பால்கு அதே டான்ஸ்போர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து 1708இல் அவர் எழுதிய நூற்பட்டியல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறிப்பிடுகிறது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். 1713இல் அவர் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஹாலே நகரத்து மேலாளர்கள் அச்சிட மறுத்தனர். சமயம் பரப்பப் போனவருக்கு அயற்சமயத் தெய்வங்களைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அதே காலத்தில் அவர் தமிழரிடம் கேள்விகள் அனுப்பி விடைக்கடிதங்கள் பெற்றார். அக்கடிதங்கள் இன்று நமக்கு ஜெர்மன் மொழிவழியே வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றை எழுதியவர் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அழகப்பன் என்று ஆய்வாளர் கருதுவர். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அந்தத் தமிழருக்குத் தரங்கம்பாடியில் சிலை இல்லை.

அச்சு இயந்திரம் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தது. ஹாலேயில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை அதற்கு உருக்கினர் என்பது அச்சு வரலாற்றில் வழங்கும் செய்தி. 1714–15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. தாளுக்காகப் பொறையாற்றில் ஆலை அமைத்தனர். கடுதாசிப்பட்டறை என்னும் பெயர் அங்கே இன்னும் வழங்குகிறது. பட்டறை போய்ப் பெயர் நின்றுவிட்டது.

இங்கே ஒரு காலப் பொருத்தம். அபிராமி பட்டர் முதலாம் சரபோஜியின் காலத்தவர் என்பது மரபு. சரபோஜி தஞ்சையை ஆண்டது 1712 முதல் 1728 வரை. சீகன்பால்கு மறைந்தது 1719 பிப்ரவரியில். அதாவது, தைஅமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டு அந்தாதி பாடியதாகத் திருக்கடையூர் இன்றும் போற்றும் பட்டரும், ஈயத்தில் தமிழ் எழுத்து வார்த்துக்கொண்டிருந்த சீகன்பால்கும் எட்டுக் கிலோமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் வாழ்ந்தனர். ஒரு பக்கம் ஒன்றின் முடிவு மற்றொன்றின் தொடக்கமாக நூறு பாடல்களை நினைவில் கோத்துவைக்கும் மரபு. மறுபக்கம் நினைவுக்கு வேலையே வைக்காத அச்சு. தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் பட்டரைப் பக்தி இலக்கியத்திலும் சீகன்பால்கை ஐரோப்பியர் தமிழ்த்தொண்டிலும் தனித்தனி இயல்களில் வைப்பதால் இந்த அண்மை நம் கண்ணில் படுவதே இல்லை. மாணவர்க்கு இவ்விரு இயல்களையும் ஒன்றாகக் கற்பித்துப் பார்க்கலாம்.

டேனியர் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயினர். அடுத்த பதினைந்தாண்டுகள் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாகப் பணியாற்றியதும் ஆங்கிலேயர் காலத்தில்தான். நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்தபின் தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. 2004 ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்புகளைச் சிதைத்தது. அதன்பின் டென்மார்க்கின் ஆர்வத்தாலும் நம் அரசின் முயற்சியாலும் பழைய கட்டடங்கள் சில புத்துயிர் பெற்றுள்ளன, மகிழ்ச்சியே.

பகலுணவுக்குள் காரைக்காலை அடைந்தோம். பூவம் வந்ததும் மதுக்கடைகளின் வரிசை மாநில எல்லையை அறிவித்துவிடுகிறது. தனியாகப் பலகை வேண்டியதில்லை.

காரைக்கால் அம்மையாரின் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் தஞ்சை அரண்மனைச் சண்டையால்தான். 1738இல் அரியணைப் போட்டியில் துரத்தப்பட்ட சகஜி, தமக்கு உதவினால் காரைக்காலைத் தருவதாகப் புதுச்சேரி ஆளுநர் துய்மாவுக்கு வாக்களித்தார். உதவி வருமுன்னரே அரியணை மீண்டும் கிடைத்தது, வாக்கு மறந்தது. பிரெஞ்சுக்காரருக்கு வேண்டியவரான சந்தா சாகிப் புகுந்து காரைக்காலைப் பிடித்து, 1739 பிப்ரவரியில் அவர்களிடம் ஒப்படைத்தார். பின்னர் பிரதாபசிங்கரும் அதை ஏற்க நேர்ந்தது. அதே அரியணைப் பூசலின் இன்னொரு கிளைதான் 1749இல் கொள்ளிடக் கழிமுகத்துத் தேவிகோட்டையை ஆங்கிலேயரிடம் சேர்த்தது. நாடிழந்தவர் ஒருவரை அரசராக்குவதாகச் சொல்லிப் படையெடுத்து, கோட்டை கிடைத்ததும் அவரைக் கைவிட்டனர். ரகுநாதர் அயலாரைத் தம் பகைவருக்கு எதிராக நிறுத்தினார். நூற்றிருபது ஆண்டு கழித்து வந்தவர்கள் அயலாரைத் தம் சகோதரருக்கு எதிராக அழைத்தனர். குத்தகைக்காரர் நிலச்சொந்தக்காரர் ஆனது எப்போது என்று கேட்டால் இந்தப் பத்தாண்டைத்தான் காட்டுவோம்.

கட்டடக் கலையைத் தேடிக் காரைக்காலுக்குப் போகிறவர்கள் ஏமாறுவர். புதுச்சேரியின் வெள்ளை நகரத்தைப் போல இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அரசலாற்றங்கரையில் நின்று கடலைப் பார்க்கும்போது எங்களுக்குக் கட்டடங்கள் பெரிதாகத் தோன்றவில்லை. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆளேற்றும் துறைமுகங்கள் ஆயின. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று கப்பல்கள் போயின. 1853 முதல் 1880கள் வரை மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். 1861இல் ஆங்கிலேயருடன் செய்த உடன்படிக்கையால் பிரெஞ்சு எல்லைக்கு வெளியேயும் ஆள்சேர்க்கும் வழி திறந்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்த தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள், நண்டலாற்றைக் கடந்து காரைக்காலில் கப்பலேறினால் கரீபியக் கடலில்தான் இறங்குவான். அங்கே மாரியம்மன் மாலியேமின் ஆனாள். தமிழ் பேசத் தெரியாத கொள்ளுப்பேரர்கள் அவளுக்கு இன்றும் பூசை செய்கிறார்கள்.

காரைக்காலிலேயே தங்கியவர்களின் கதை வேறு. 1881இல் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணைப்படி, தம் சாதி, சமயச் சட்டங்களைத் துறப்பதாக எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டு பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம். சாதிப் பெயரை எழுத்து மூலம் துறக்க ஓர் அலுவலகப் படிவம் இருந்தது என்பது தஞ்சைக் கரையில் சிறிய செய்தியன்று. ஒரே துறைமுகம் ஒருவனைக் கூலியாக ஏற்றுமதி செய்தது, இன்னொருவனுக்குக் குடியுரிமையின் சாயலைக் காட்டியது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்.

வாஞ்சூரைத் தாண்டி நாகூர். தர்காவின் மிக உயர்ந்த மினாரைக் கட்டிக்கொடுத்தவர் மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நாகப்பட்டினத்துக்கு விரைகிறோம். வெயில் தாழத் தொடங்கியிருந்தது.

நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே குடியேறிவிட்டனர். அவர்களிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் ஊரைப் பறித்தனர். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தம் சோழமண்டலத் தலைமையிடத்தையே இங்கே மாற்றிக்கொண்டனர். 1781இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். டச்சுக் கோட்டை இன்று இல்லை. 1774இல் அவர்கள் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் இருக்கிறது. கரிக்கோப் என்று ஊரார் அழைக்கும் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. கெர்க்ஹோப் என்றால் டச்சு மொழியில் தேவாலய முற்றம், இடுகாடு. அச்சொல்தான் நாகப்பட்டினத்து நாவில் இப்படி உருண்டு திரண்டிருக்கிறது. போர்ச்சுக்கீசியம் நமக்குச் சாவியும் சன்னலும் அலமாரியும் தந்தது. டச்சு தந்தவற்றுள் நன்றாக ஒட்டிக்கொண்ட சொல் கக்கூசு. மொழிக்கு மரியாதை தெரியாது, தேவையானதை எடுத்துக்கொள்ளும்.

கல்லறைகள் சிறு கோபுரங்களைப்போல எழும்பி நிற்கின்றன. கீழே உறங்குபவர்களின் பெயரும் பதவியும் பிறந்த ஊரும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. கம்பெனி தன் ஆட்களை மறக்கவில்லை. அக்கம்பெனி இத்துறையிலிருந்து ஏற்றிச் சென்றவர்களைப் பற்றி எந்தக் கல்லிலும் எழுத்து இல்லை.

டச்சுக்காரர் வந்த அடுத்த ஆண்டே தஞ்சையில் பெரும்பஞ்சம். பிசப்பூர்ப் படைகள் மீண்டும் மீண்டும் புகுந்து வயல்களைப் பாழாக்கின. நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் நாட்டில் சோற்றுக்காக மனிதர் தம்மையும் தம் மக்களையும் விற்கும் நிலை வந்தது. 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கிய அடிமைகள் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்று டச்சு ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் தஞ்சைச் சீமையினர். மிகுதியானவர்களை இலங்கைக்கும், சிலரைப் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பினர். அப்போது தஞ்சையை ஆண்டவர் ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர். தினந்தோறும் ஆயிரக்கணக்கான பிராமணர்க்கு உணவிட்ட பின்பே உண்பவர் என்று புகழப்படுபவர். தஞ்சையை எழுவாயாக்கிப் படிக்கத் தொடங்கினால் பெருமையை மட்டும் எழுதிக்கொண்டு போக முடியாது. விற்கப்பட்டவரும் தஞ்சையினர், விற்கும் நிலைக்கு விட்ட அரசும் தஞ்சையினது. வாங்கியவர் டச்சுக்காரர் என்பதால் நம் பக்கத்து ஏடு தூயதாகிவிடாது.

நாங்கள் படித்த காலத்தில் எந்தப் பாடநூலிலும் இந்த எண்ணிக்கை இல்லை. வகுப்பில் சொன்னபோது, திருவாரூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், அப்படியானால் எங்களூரிலிருந்து போனவர்களின் பெயர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கப்பலில் ஏற்றியவர்கள் தலைகளை எண்ணினார்கள் என்றுதான் சொல்ல முடிந்தது.

நாகப்பட்டினம் இழந்தவற்றுள் பெயரோடு இருப்பது ஒன்று உண்டு. சீவிசய மன்னர் சூளாமணிவர்மன் தொடங்கி அவர் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவுசெய்த சூளாமணி விகாரம் இவ்வூரில் இருந்தது. அதற்கு முதலாம் இராசராசன் தம் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினார். சுமார் 97 வேலி நிலம். அதிலிருந்து வரும் நெல் 8,900 கலத்துக்கு மேல். சைவ மன்னர், பௌத்தப் பள்ளி, கடல் கடந்த நாட்டு அரசர், காவிரி நெல் எல்லாம் ஒரே ஆவணத்தில் சேர்ந்திருக்கின்றன. 21 ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேடு டச்சுக்காரர் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் கையில் சேர்ந்தது. ஆனைமங்கலச் செப்பேடு, லெய்டன் செப்பேடு ஆயிற்று. அதை இந்தியா திரும்பக் கேட்டது. 2023இல் யுனெஸ்கோவின் குழு ஒன்று இந்தியாவின் கோரிக்கைக்கு ஆதரவாகப் பரிந்துரைத்தது.

விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. கப்பலோட்டிகள் அதைச் சீனக் கோபுரம் என்றனர். 1846இல் வால்டர் எலியட் அதைப் பார்த்து வரைந்து வைத்தார். 1867இல் அரசின் இசைவோடு இயேசு சபையார் அதை இடித்தனர். டச்சுக்காரரும் போர்ச்சுக்கீசியரும் விட்டுவைத்த ஒன்று, தொல்லியலில் ஆர்வமுள்ளவர்கள் நிறைந்த ஆங்கிலேயர் ஆட்சியில் போனதை என்னென்பது!

வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்றார் ஓட்டுநர். புயலில் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் எழுப்பியதாக மரபு கூறும் கோயில், இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாங்கள் மேற்கே திரும்பி, கீழ்வேளூர் வட்டத்து ஆனைமங்கலத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது என்று முடிவு செய்தோம். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றார் அவர். கோட்டையும் இல்லை, கல்லறையும் இல்லை என்றோம்.

இராசராசன் கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண்யானையை நடத்தி வரையறுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. யானை நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். நாங்கள் போனபோது தாளடி நடவு முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற பெரியவர், எந்த ஊர், நிலம் வாங்க வந்தீர்களா என்று கேட்டார். இல்லை ஐயா, சும்மா பார்க்க வந்தோம் என்றோம். பாருங்கள் என்று சொல்லிவிட்டு மடையைத் திறக்கப் போனார்.